ஆலயத்தில் திரை வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில், பாடல்களையும் வேதவசனங்களையும் காட்டப் பெரிய திரை ஒன்று வைப்பது பற்றிச் சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) பேசி வருகிறோம். வாலிபர்கள் ஆதரிக்கிறார்கள், பெரியவர்கள், ஆலயம் சினிமா கொட்டகை ஆகிவிடும் என்கிறார்கள். பெரிய வெள்ளியன்று பிரசங்கத்தின் நடுவே, இயேசுவின் பாடுகளைச் சித்தரிக்கும் திரைப்படக் காட்சிகளைக் காட்டவும் ஒரு யோசனை இருக்கிறது. இதற்கு வேதத்தில் இடம் உண்டா?
– கமிட்டி உறுப்பினர் ஒருவர், பெங்களூரு

பதில்: கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் கொண்டு போதிப்பதற்கு வேதத்தில் இடம் உண்டு. ஒரு செங்கல்லின்மேல் எருசலேம் நகரத்தை வரையும்படி எசேக்கியேலுக்குத் தேவனே கட்டளையிடுகிறார். எரேமியாவைக் குயவன் வீட்டுக்கு அனுப்பி, திரிகையில் மண் வனையப்படுவதைக் காணச் செய்த பிறகே அவருக்குச் செய்தியைத் தருகிறார். ஆனால், தேவனுடைய கட்டளைப்படி மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே பிற்காலத்தில் ஜனங்கள் தூபங்காட்டத் தொடங்கியதால், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் என்பதையும் 2 இராஜாக்கள் 18:4இல் வாசிக்கிறோம்.

திருச்சபை இந்த வழக்கை நெடுங்காலமாகவே பேசி வந்திருக்கிறது. கி.பி. 600 வாக்கில் மார்சேய் நகரப் பேராயர் செரெனுஸ் ஆலயத்திலிருந்த படங்களை உடைத்தபோது, அவற்றை வணங்கலாகாது என்பதை ஒப்புக்கொண்ட போப் முதலாம் கிரகோரி, எழுத்தறியாதவர்கள் சுவரைப் பார்த்தாவது படித்துக்கொள்ளட்டும் என்பதற்காக அவற்றை உடைத்திருக்கக் கூடாது என்று எழுதினார். சீர்திருத்தக் காலத்தில், 1522இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகருக்குத் திரும்பிய சீர்திருத்தத் தலைவர் லூத்தர் படங்களைப் பலவந்தமாக அகற்றுவதைத் தடுத்தார். 1524இல் சூரிச் நகர ஆலயங்களிலிருந்து அவை அகற்றப்பட்டன. 1563இல் வெளியான, சீர்திருத்தச் சபைகளின் விசுவாசப் போதனை நூலான ஹைடெல்பர்க் வினாவிடையோ, தேவன் தம் மக்களுக்கு ஊமை உருவங்களால் அல்ல, வார்த்தையின் உயிருள்ள பிரசங்கத்தாலேயே போதிக்கச் சித்தமாயிருக்கிறார் என்று கற்பித்தது. ஆகவே உங்கள் பெரியவர்களின் தயக்கத்தைப் பழமைவாதம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

சபையார் தாங்களே பாடவும், வாசிக்கவும், ஜெபிக்கவும் துணைசெய்யும் வரையில் திரையை நான் மனமார ஆதரிக்கிறேன். அவர்களைப் பார்வையாளர்களாக உட்காரவைக்கும் எதையும் ஆராதனை வேளையில் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

பெங்களூருத் தமிழ்ச் சபைகளுக்குத் திரையால் வரக்கூடிய பெரிய நன்மை ஒன்று உண்டு. வீட்டில் தமிழ் பேசியும், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் மட்டுமே படித்த பிள்ளைகள், பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறவாமல் நிற்கிறார்கள். தமிழ் வரிகளை மேலேயும், அவற்றைக் கன்னட எழுத்தில் கீழேயும் காட்டிப் பாருங்கள். எ, ஏ, ஒ, ஓ ஆகிய குறில் நெடில் வேறுபாடுகள் ஆங்கில எழுத்தில் மறைந்துபோகின்றன; கன்னட எழுத்தில் அவை தெளிவாக நிற்கின்றன. மேல்வரியைத் தொடர்ந்து பார்த்துவரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தும் மெல்லப் பழக்கமாகும். காது மந்தமான முதியவர்களுக்கும், அன்றைய வேதபாடம் எந்த அதிகாரம் என்பதைத் திரை சொல்லிவிடும்.

கீர்த்தனைகளைக் காட்டுவதில் கவனம் தேவை. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் சரணத்தின் அடியில் பல்லவியையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினியை இயக்கும் தம்பி பக்கத்தைத் தேடும் நேரத்தில் சபையின் பாட்டு அறுந்துவிடும். எழுத்துகளை யூனிகோடில் அமைத்தால்தான் வேறு கணினியிலும் அவை சிதையாமல் வரும். கடைசி வரிசை 12 மீட்டர் தூரத்தில் இருந்தால், திரையில் விழும் படத்தின் உயரம் அதில் ஆறில் ஒரு பங்காக, அதாவது 2 மீட்டராக இருப்பது நல்லது. பெரிய ஜன்னல்கள் உள்ள ஆலயத்தில் காலை வெயில் புரொஜெக்டர் படத்தை மங்கச் செய்துவிடும் என்பதால், வாங்குமுன் ஒரு ஞாயிறு ஆராதனை வேளையிலேயே சோதித்துப் பாருங்கள். சிலுவையையும் திருவிருந்து மேஜையையும் மறைக்காமல் திரை பக்கச் சுவரில் இருக்கட்டும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

பெரிய வெள்ளி யோசனையைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நடிகர் ஒருவரின் முகம் மனதில் பதிந்துவிட்டால், பிறகு சுவிசேஷத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த முகமே முன்னால் வந்து நிற்கும். சாட்டையடியையும் இரத்தத்தையும் மிகைப்படுத்திக் காட்டும் காட்சிகள் ஆலயத்தில் இருக்கும் சிறுபிள்ளைகளை அச்சுறுத்தும். அதைவிட முக்கியமாக, படம் தரும் உருக்கம் பிரசங்கத்தை விழுங்கிவிடும். இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளைத் தியானிக்க வந்தவர்கள் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டு வீடு திரும்புவார்கள். படம் பார்ப்பது பயன்தரும் என்று கமிட்டி கருதினால், வேறொரு நாள் மாலை சபை மண்டபத்தில் திரையிட்டு, முடிந்ததும் கலந்துரையாடுங்கள். திருவிருந்து வேளையில் திரையை அணைத்துவிடுங்கள். நாம் காணும்படி கர்த்தர் தாமே கொடுத்த அப்பமும் பாத்திரமும் அங்கே இருக்கின்றன.

கேள்வி: பாடல் வரிகளையும் வீடியோக்களையும் ஆராதனையில் காட்டக் காப்புரிமை அனுமதி வேண்டுமா?
– வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்குகளின்போது இலக்கிய, இசைப் படைப்புகளை நிகழ்த்துவதற்கும் ஒலிப்பதிவுகளை ஒலிபரப்புவதற்கும் விலக்கு அளிக்கிறது. அந்த வாசகத்தில் திரைப்படங்கள் குறிப்பிடப்படவில்லை; ஆகவே திரைப்படக் காட்சிகளுக்கு உரிமையாளரின் அனுமதியைப் பெறுவதே முறை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு பாடல் வரிகள் பொதுவுடைமை ஆகிவிடுவதால், 1864இல் காலமான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களை அச்சமின்றிக் காட்டலாம். ஆராதனையை யூடியூபில் ஒளிபரப்புவதானால், பிறருடைய இசைப்பதிவை ஓடவிடாதீர்கள். அந்தத் தளத்தின் தானியங்கி முறை அதைக் கண்டறிந்து உங்கள் வீடியோவையே தடுத்துவிடலாம். உங்கள் பாடகர் குழுவையே பாடவையுங்கள். புதிய பாடல்களுக்கு, இயற்றியவருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.