சேமி பொத்தான் திரைக்கு அடியில் போய்விடுகிறதே, என்ன செய்வது?

மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "உரக்கடை, விதைநெல் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை விபி டாட்நெட் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுக்கிறேன். என் 24 அங்குல மானிட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது. கடைக்காரர் லேப்டாப்பில் திறந்தால் அடியில் இருக்கும் சேமி, பிரிண்ட் பொத்தான்கள் தெரிவதே இல்லை. திரை அளவுக்குத் தகுந்தபடி எல்லாக் கண்ட்ரோலையும் (பெட்டி, பொத்தான், லேபிள்) சுருக்கும் கோட் போட்டுப் பார்த்தேன், நாலு தடவை விண்டோவை இழுத்தால் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன."

கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான் இது. மேலே பார்ட்டி (வாடிக்கையாளர்) பெயர், முகவரி, பில் எண் எல்லாம் தாராளமாக இடத்தை எடுத்துக்கொள்கின்றன, கடைசியில் நிற்கும் பொத்தானுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

உங்கள் மானிட்டர் 1920 × 1080. கடைக்காரரின் லேப்டாப் அனேகமாக 1366 × 768. அதில் விண்டோஸ் 10இன் டாஸ்க்பார் 40 பிக்சல் போக 728, ஃபார்மின் (உங்கள் மென்பொருள் விண்டோவின்) தலைப்புப் பட்டையும் போனால் ஏறக்குறைய 700தான் கையில் நிற்கும். சரி, அவர் புது லேப்டாப் வாங்கினால் தீருமா என்றால் அதுவும் இல்லை. 15 அங்குலத் திரையில் 1920 × 1080 இருந்தால் எழுத்து பொடியாகத் தெரியும் என்று, எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் ஸ்கேலிங்கை 125 சதவீதமோ 150 சதவீதமோ வைத்திருக்கும். 125இல் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1536 × 864 அளவுக்குச் சமம், 150இல் 1280 × 720. அதாவது 150 வைத்தால் விலை கூடிய லேப்டாப்பில் பழையதைவிட இடம் குறைவு! அதனால் 1280 × 720ஐயே கணக்கில் வைத்து, டாஸ்க்பாரையும் கழித்துக்கொண்டு வடிவமையுங்கள்.

இப்போது அந்தச் சுருக்கும் கோட். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு முதன்முதலில் மென்பொருள் செய்தபோது நானும் இதையேதான் போட்டேன், அதனால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். விண்டோவின் அளவு மாறும் ரிசைஸ் நிகழும்போதெல்லாம் அப்போதைய அகலத்தையும் உயரத்தையும் விகிதத்தால் பெருக்குகிறீர்கள், விடை முழு எண்ணாக மாற்றப்படுகிறது, அந்த மாறிய எண்ணையே அடுத்த தடவை மறுபடி பெருக்குகிறீர்கள், இப்படி ஒவ்வொரு இழுப்புக்கும் அரை பிக்சல், ஒரு பிக்சல் என்று பிழை சேர்ந்துகொண்டே போகும். அந்த முறைதான் வேண்டும் என்றால் ஃபார்ம் திறக்கும்போது ஓடும் லோடில் ஒவ்வொரு கண்ட்ரோலின் மூல அளவையும் குறித்து வைத்து, எப்போதும் அதிலிருந்தே கணக்கிடுங்கள். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. 1920க்குச் செய்ததை 1366க்குச் சுருக்கினால் விகிதம் 0.71, 9 பாயிண்ட் எழுத்து 6.4 ஆகிவிடும். குறுவை நேரத்தில் கடை நிறையக் கூட்டம் நிற்கும்போது மூக்குக்கண்ணாடிக்காரர் அதைப் படித்து பில் போடுவாரா?

சுருங்க வேண்டியது ஃபார்மில் ஒன்றே ஒன்று, சரக்கு வரிசைகள் இருக்கும் அட்டவணை, அதாவது கிரிட். எட்டு வரிக்குப் பதில் ஐந்து வரி தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஸ்க்ரோல் இருக்கிறது. மேலே ஒரு பேனல் (மற்ற கண்ட்ரோல்களை அடக்கும் சட்டம்) வைத்து, எந்த ஓரத்தில் ஒட்டி நிற்க வேண்டும் என்று சொல்லும் டாக் பண்பை டாப் என்று கொடுங்கள், பார்ட்டி விவரம் எல்லாம் அதற்குள். அடியில் இன்னொரு பேனல், டாக் பாட்டம், மொத்தத் தொகையும் பொத்தான்களும் அதில். நடுவில் கிரிட், டாக் ஃபில். மேலும் கீழும் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிச்சம் எவ்வளவோ அது கிரிட்டுக்கு. இதில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கிரிட்டின் கடைசி வரிகள் கீழ்ப் பேனலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், கிரிட்டின்மேல் வலது கிளிக் செய்து பிரிங் டு ஃப்ரண்ட் கொடுங்கள், ஏனென்றால் டாக் கணக்கு பின்னால் இருக்கும் கண்ட்ரோலிலிருந்து முன்னால் வருகிறது, ஃபில் கடைசியாக வர வேண்டும். கீழ்ப் பேனலில் பொத்தான்களின் ஆங்கரை (எந்த ஓரங்களோடு இடைவெளி மாறாமல் நிற்க வேண்டும் என்பதை) டாப், ரைட் என்று மாற்றுங்கள், வலது ஓரத்தை விட்டு விலகாது. கிரிட்டில் பொருள் பெயர் நெடுவரிசைக்கு மட்டும் மிச்ச அகலத்தை நிரப்பும் ஆட்டோசைஸ்மோட் ஃபில், மூட்டை, விலை, தொகைக்கெல்லாம் நிலையான அகலம் போதும்.

அப்புறம் ஃபார்ம் திறக்கும் அளவு. லோடில் ஸ்கிரீன்.ஃப்ரம்கண்ட்ரோல்(மீ).வொர்க்கிங்ஏரியா என்று கேளுங்கள், ஃபார்ம் நிற்கும் திரையில் டாஸ்க்பார் போக மிச்சமுள்ள இடம் கிடைக்கும். பவுண்ட்ஸ் என்று கேட்டால் டாஸ்க்பாரும் சேர்ந்து வரும், பிரைமரிஸ்கிரீன் என்று கேட்டால் இரண்டு மானிட்டர் வைத்திருப்பவரிடம் தவறான திரையின் அளவு வரலாம். ஃபார்மின் அகலம், உயரம் இரண்டையும் அந்த ஏரியாவோடு ஒப்பிட்டு எது சிறியதோ அதை வையுங்கள். இடம் குறிக்கும்போது பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதாமல் ஏரியாவின் லெஃப்ட், டாப் மதிப்பிலிருந்து தொடங்குங்கள், டாஸ்க்பாரை மேலே வைத்திருக்கும் ஆட்களும் உண்டு. ஃபார்ம் இதற்குக் கீழே சுருங்காது என்று குறிக்கும் மினிமம்சைஸில் பெரிய எண் எதுவும் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

ஸ்கேலிங் மாறும்போது எதை வைத்து அளவை மாற்றுவது என்று சொல்லும் ஆட்டோஸ்கேல்மோட் எல்லா ஃபார்மிலும் ஒன்றாக இருக்கட்டும், ஃபான்ட் போதும். உங்கள் கணினியில் ஸ்கேலிங் 125 இருந்தால் விஷுவல் ஸ்டுடியோ 100இல் மறுபடி திறக்கட்டுமா என்று மஞ்சள் பட்டையில் கேட்கும், சரி என்று சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபார்மை வரையும் டிசைனரின் கோப்பில் எண்கள் எல்லாம் மாறிப்போகும். சின்ன லேப்டாப்பில் பெரிய ஃபார்மை டிசைனரில் திறப்பதும் ஆபத்து, ஃபார்மை அந்தத் திரை அளவுக்கு வெட்டி அப்படியே சேமித்துவிடும்.

தமிழ் லேபிள் வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 'வாடிக்கையாளர் பெயர்' என்பது 'பார்ட்டி'யைவிட எவ்வளவு நீளம்! லேபிளுக்கு ஆட்டோசைஸ் ட்ரூ வைத்து, லேபிளையும் பெட்டியையும் வரிசை, நெடுவரிசையாக அடுக்கும் டேபிள்லேஅவுட்பேனலில் போடுங்கள், லேபிள் நெடுவரிசை ஆட்டோசைஸ், பெட்டி நெடுவரிசை 100 சதவீதம். பொத்தான் உயரத்தையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், இல்லையென்றால் 'பு', 'சு' போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படும்.

சோதிக்க இன்னொரு லேப்டாப் தேட வேண்டாம், உங்கள் டிஸ்ப்ளே செட்டிங்ஸிலேயே 1366 × 768 வைத்து ஒரு தடவை, 1920 × 1080ஐ 150 சதவீதத்தில் வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். ஸ்கேலிங் மாற்றினால் சைன் அவுட் செய்துவிட்டு உள்ளே வந்து பாருங்கள், இல்லையென்றால் பழைய கணக்கிலேயே காட்டி உங்களை ஏமாற்றும்.