முகூர்த்தப் பட்டு: பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரக்கு நிறத்தில் காஞ்சிபுரம் பட்டு எடுக்கலாம் என்று இரண்டு கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் 19,000 ரூபாய், இன்னொன்றில் 68,000. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் ‘ப்யூர் பட்டு’ என்றுதான் சொல்கிறார்கள். யாரை நம்புவது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘ப்யூர் பட்டு’ என்பது நூலைப் பற்றிய பேச்சு மட்டும்தான். கல்யாணப் புடவையின் விலையை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் சரிகையும் நெசவும். அதனால் பட்டு அசலா, சரிகை எந்தத் தரம், கைத்தறியா விசைத்தறியா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘எல்லாம் ஒரிஜினல்தாம்மா’ என்ற ஒரே பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

பட்டு விஷயம் சுலபம். மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004 முதல் ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறது. ஹாலோகிராம் ஒட்டிய அந்தச் சீட்டு உங்கள் புடவையிலேயே தொங்க வேண்டும். கடைச் சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பது போதாது. சந்தேகம் தீரவில்லை என்றால், முந்தி ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூலில் இரண்டு இழை கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகி முத்துபோல இறுகிவிடும். ரேயான் காகிதம் எரிகிற வாடை அடிக்கும். பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டிலிருந்தும் இழை எடுக்க வேண்டும். ஒன்றில் பட்டும் மற்றொன்றில் செயற்கை நூலும் போட்ட புடவைகள் சந்தையில் இருக்கின்றன.

சில்க் மார்க் சரிகைக்கு உத்தரவாதம் தராது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரிய ஏமாற்றம் நடப்பது அங்கேதான். அசல் சரிகை என்றால் பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குமேல் தங்க முலாம் பூசியது. தங்கச் சரிகை என்று பெயர்தானே தவிர, அதில் தங்கம் ஒரு சதவீதம்கூட இருக்காது, மதிப்பு வெள்ளியில்தான். அடுத்தது ஹாஃப் ஃபைன், அதாவது டெஸ்டட் சரிகை. இதில் செம்புக் கம்பிமேல் வெள்ளி லேசாகப் பூசியிருக்கும். கடைசியாக பாலியெஸ்டர் பளபளப்புச் சரிகை. புதிதாக இருக்கும்போது மூன்றும் ஒரே மாதிரி மின்னும், சில சமயம் மட்டமானதுதான் அதிகமாக மின்னும். சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்பார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம், போலியிலும் சிவப்பு நூல் போடலாம். புடவையைச் சேதப்படுத்தாமல் வெள்ளி எத்தனை சதவீதம் என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவி இருக்கிறது. லட்சத்தை நெருங்கும் விலை சொல்லும் கடையில் அந்தப் பரிசோதனையைக் கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது.

தறியைக் கண்டுபிடிக்கப் புடவையைத் திருப்பிப் பாருங்கள். காஞ்சிபுரத்தின் பெருமையே கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால், மூன்று நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) போட்டு, தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஊடு ஊடாகக் கரையை உடலோடு கோர்ப்பார்கள். உள்பக்கம் உடலும் கரையும் சேரும் கோட்டில் இரண்டு நிற நூலும் ஒன்றையொன்று பிடித்திருப்பது தெரியும். கரையின் நிறம் கலப்பில்லாமல் இருக்கும். கோர்வை இல்லாத புடவையில் உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் ஓடுவதால், அரக்கு உடலுக்குப் போட்ட பச்சைக் கரை வெளிச்சத்தில் அரக்குச் சாயல் அடிக்கும். முந்தி வேறு நிறத்தில் இருந்தால் அது பேட்னியா என்றும் கேளுங்கள். பாவு நூலையே மாற்றி இணைக்கிற வேலை அது. சேருமிடத்தில் இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய குறுகிய பட்டை தெரியும். கைத்தறிக்கென்று 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க் முத்திரையும் உண்டு.

சரி, உங்கள் இரண்டு புடவைக்கு வருவோம். அகலக் கரையும் சரிகை நிறைந்த முந்தியும் அசல் சரிகையில் 19,000 ரூபாய்க்கு வர வாய்ப்பில்லை. ஆனால் ‘பட்டு அசல், சரிகை ஹாஃப் ஃபைன்’ என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம்தான். 68,000 சொல்கிறவர் அசல் சரிகை, கைத்தறி, கோர்வை என்று பில்லில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். வாயால் சொன்னதைக் கையால் எழுதத் தயங்கினால் அந்தப் புடவை வேண்டாம். பட்ஜெட் இடிக்கிறது என்றால் பட்டிலும் கைத்தறியிலும் விட்டுக்கொடுக்காதீர்கள், சரிகையில் விட்டுக்கொடுங்கள். அசல் சரிகையே வேண்டும் என்றால் கரையைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்குத்தான் கல்யாணம். அம்மா ‘கனமாக இருந்தால்தான் நல்ல பட்டு’ என்கிறார். எனக்கு அவ்வளவு கனத்தைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார முடியுமா என்று பயமாக இருக்கிறது. (வாசகி, கோவை)

பதில்: அம்மா சொல்வதில் பாதி சரி. வெள்ளிச் சரிகை அதிகமானால் கனம் கூடும், ஆனால் கனம் எல்லாமே வெள்ளி இல்லை. செம்புச் சரிகையும் கனக்கும். எடையை வைத்து மட்டும் தரம் முடிவு செய்ய முடியாது.

உங்கள் கவலைக்கு வழி இருக்கிறது. உடல் முழுக்கச் சரிகை இழைத்த புடவையை விட்டுவிட்டு, உடலில் முத்துக்கட்டமோ (பொடிக் கட்டம்) சின்னப் புட்டாவோ (தனித்தனிப் பூ வேலை) போட்டு, கரையிலும் முந்தியிலும் மட்டும் சரிகை நிறைந்ததாகப் பாருங்கள். மேடையில் கண்ணுக்குத் தெரிவது அந்த இரண்டும்தான். ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்தைவிட லேசானது. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்துப் பட்டும் கல்யாணத்துக்குப் பேர்போனது. அந்த விசிறி மடிப்பே ஓர் அழகு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முகூர்த்தம் என்றால் காஞ்சிபுரம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை.

கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பது போதாது. கொசுவம் வைத்துக் கட்டச் சொல்லி, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். ஓமத்துக்கு முன்னால் அப்படித்தானே உட்காரப் போகிறீர்கள்? நிறத்தையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்துவிடுங்கள். கடை விளக்கில் மாம்பழ மஞ்சளும் பொன் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். மடிசார் கட்டும் வழக்கம் இருந்தால் ஒன்பது கஜம் தனியாகச் சொல்லி வையுங்கள், எல்லாக் கடையிலும் எல்லா நிறத்திலும் அது இருப்பில் இருக்காது. கட்டிக்கொள்ளப் போவது நீங்கள். கடைசி இரண்டு புடவைக்கு நடுவில் முடிவு சொல்லும் உரிமையை அம்மாவிடம் அன்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேரே காஞ்சிபுரத்துக்கே போய் வாங்கினால் மலிவாகவும் அசலாகவும் கிடைக்குமா? (வாசகர், மதுரை)

பதில்: தேர்வு நிறையக் கிடைக்கும். அசல் என்பதற்கு ஊர்ப் பெயர் உத்தரவாதம் இல்லை. காஞ்சிபுரத்துக் கடையிலும் விசைத்தறிப் புடவை இருக்கும். பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டு ‘நெசவாளர் வீட்டுக்கே கூட்டிப்போகிறேன்’ என்பவருக்கு உங்கள் பில்லிலிருந்துதான் கமிஷன் போகும். நெசவாளர் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களுக்குப் போவதைத்தான் நான் விரும்பிச் சொல்வேன். உங்கள் ஊரிலேயே வேண்டும் என்றால் 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் (தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனம்) இருக்கிறது, தீபாவளி சமயத்தில் தள்ளுபடியும் உண்டு. அங்கே நெசவு நம்பகம். டிசைன் வகை தனியார் கடையளவு இல்லாமல் போகலாம்.

கேள்வி: போன வருடம் கல்யாணத்துக்கு ‘ப்யூர் சரிகை’ என்று சொல்லி 52,000 ரூபாய்க்கு விற்றார்கள். ஒரே முறைதான் கட்டினேன். இப்போது கரை முழுக்கக் கறுத்துவிட்டது. கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள். (வாசகி, திருச்சி)

பதில்: முதலில், எப்படி வைத்திருந்தீர்கள் என்று யோசியுங்கள். சென்ட் பட்டிருந்தாலோ, பிளாஸ்டிக் கவரில் பூச்சி உருண்டையோடு அடைத்து வைத்திருந்தாலோ வெள்ளிச் சரிகையும் மங்கும். பருத்தித் துணியில் சுற்றி வைத்தும் ஒரே வருடத்தில் கரை முழுக்கக் கறுத்தது என்றால் செம்புச் சரிகை என்ற சந்தேகம் நியாயமானது. சரிகையைப் பரிசோதித்து எழுத்தில் முடிவு வாங்குங்கள். அதுதான் உங்கள் ஆதாரம்.

பில்லில் அச்சடித்த அந்த வாசகத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது. ஆனால் செம்பை வெள்ளி என்று விற்றது தனிப் புகார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள், கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பல கடைகள் அந்தக் கடிதம் போன பிறகுதான் பேச்சுக்கே வரும். பில்லில் ‘ப்யூர் சரிகை’ என்ற வார்த்தை இருக்கிறதா? இருந்தால் உங்கள் கை ஓங்கும். வெறும் ‘பட்டுப் புடவை’ என்றிருந்தால், சரிகை பற்றி அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, விலைச் சீட்டு, விளம்பரம் என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். புடவையை மெருகு போடவோ வெளுக்கவோ இப்போது யாரிடமும் கொடுக்க வேண்டாம்.