வாத்தியாரிடம் கேளுங்கள்

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு. வேதியியல் பாடத்தை வீட்டில் வீடியோவில் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். வகுப்பில் கணக்கு போடுவது மட்டும்தானாம். ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ என்கிறார்கள். பாடத்தை வீடியோ நடத்தினால் பள்ளிக்கூடம் எதற்கு?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. நானும் வேதியியல் வாத்தியாராக இருந்தவன், அதனால் ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். 12 கிராம் மக்னீசியத்தை முழுதாக எரித்தால் எத்தனை கிராம் ஆக்சைடு கிடைக்கும்? ஆக்சிஜன் 16 என்று மனப்பாடம் செய்த பிள்ளை 12-ஐயும் 16-ஐயும் கூட்டி 28 என்று எழுதும். விடை 20. 24 கிராம் மக்னீசியம் இருந்தால்தானே ஒரு மோல் (டஜன் மாதிரி, அணுக்களை எண்ணும் ஓர் அளவு), அதற்குத்தான் 16 கிராம் ஆக்சிஜன், இதில் பாதிதான் இருக்கிறது, ஆக்சிஜனும் 8 கிராம்தான் சேரும் என்பதைப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார். இதையே ராத்திரி வீட்டுப்பாடமாகக் கொடுத்தால்? 28-ஐ முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அப்புறம் யார் நோட்டையாவது பார்த்து எழுதும்.

அமெரிக்காவில், கொலராடோவின் உட்லண்ட் பார்க் பள்ளியில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-இல் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்தது வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்காகத்தான். பிள்ளைக்கு ஆசிரியர் தேவைப்படுவது கேட்கும்போது அல்ல, முட்டி நிற்கும்போது என்று தோன்றியதும் எல்லோருக்கும் அப்படியே மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1991 முதல், ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் பாடத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் கேள்வி கேட்பார். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மாணவர்கள் மறுபடி விடை சொல்ல வேண்டும்.

ஆகவே வீடியோவை விடுங்கள். “இன்றைக்குக் கணக்கு போடும்போது சார் உன் பெஞ்சுக்கு வந்தாரா? என்ன கேட்டார்?” என்று மகளிடம் விசாரியுங்கள். பிள்ளைகளைக் கணக்கு போடச் சொல்லிவிட்டு அவர் மேஜையில் ரெக்கார்டு நோட்டு திருத்திக்கொண்டிருந்தால் உங்கள் கோபம் சரி, பெற்றோர் கூட்டத்தில் தாராளமாகக் கேளுங்கள். சுற்றி வருகிறார் என்றால் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். வீடியோ பார்க்கும்போது நடுநடுவே நிறுத்தி, புரியாததை நோட்டில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா கையோடு போய்விடுகிறது என்றால் கூச்சப்படாமல் பள்ளியில் சொல்லுங்கள். இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த கொலராடோ ஆசிரியர்கள் டிவிடியில் பதிந்து கொடுத்தார்கள். உங்கள் பள்ளி ஒரு பென்டிரைவாவது கொடுக்கட்டுமே.