கணினிக் கேள்வி – பதில்: கரன்ட் போனால் கோப்பு என்ன ஆகும்?

கேள்வி: கடையில் பில் போடும் கம்ப்யூட்டரில் லினக்ஸ். மழைக்காற்றில் கரன்ட் போய் வந்ததும் பார்த்தால், அன்றைய விற்பனைக் கோப்பு பூஜ்ஜியம் பைட். அதன் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஜர்னல் இருக்கிறது, எதுவும் அழியாது என்றார்களே?
– ஜவுளி வியாபாரி, பர்கூர்

பதில்: சொன்னவர் பாதியைத்தான் சொன்னார் ஐயா. சிட்டையில் குறித்துவிட்டுப் பேரேட்டில் ஏற்றுகிறீர்கள் அல்லவா? ஜர்னல் அந்தச் சிட்டை. ஆனால் வழக்கமான அமைப்பில் அதில் ஏறுவது கோப்பின் பெயர், அளவு, டிஸ்கின் எந்த பிளாக்கில் (துண்டில்) இருக்கிறது என்பவை மட்டும். உள்ளே இருக்கும் விற்பனை எண்கள் ஏறாது. உங்கள் புரோகிராம் பழைய கோப்பைக் காலியாக்கிவிட்டு அதிலேயே திரும்ப எழுதுகிறது என்று நினைக்கிறேன். காலியாக்கிய செய்தி 5 விநாடிக்குள் ஜர்னலுக்குப் போய்விடும். எண்களோ நினைவகத்தில் அரை நிமிடம்கூடக் காத்திருக்கும். நடுவில் கரன்ட் போனால் கோப்பு காலிதான். 2009-ல் இதே புகார் பெரிதாக எழுந்தபோது, எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியோடர் சோ, லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 2.6.30 பதிப்பில் அந்த இடைவெளியைச் சுருக்கினார். முழுக்க அடைபடவில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (எண்களை உடனே டிஸ்கில் ஏற்றச் சொல்லும் கட்டளை அது), அதன்பின் பெயர் மாற்றும்படி புரோகிராமைத் திருத்தச் சொல்லுங்கள். யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள்.

கேள்வி: ஜர்னலை அணைத்தால் வேகம் கூடுமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கொஞ்சம் கூடும். அணைக்காதீர்கள். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் டிஸ்க் முழுவதையும் சோதிக்க வேண்டிவரும்.

கேள்வி: ஜர்னல் நிரலிலேயே பிழை இருந்தால் எப்படிப் பிடிக்கிறார்கள்? நானும் முயலலாமா?
– பொறியியல் மாணவி, பாலக்கோடு

பதில்: தாராளமாக முயலலாம் அம்மா. பாலக்கோட்டில் உட்கார்ந்தே செய்யலாம். ஒரு பழைய லேப்டாப்பும், கணினிக்குள்ளே இன்னொரு கணினியைப் போலச் செய்யும் கியூஎம்யூ மென்பொருளும் போதும்.

இந்த வகைப் பிழை பெரும்பாலும் எது முன்னே, எது பின்னே என்பதில் ஒளிந்திருக்கும். எனக்கு மிகப் பிடித்த இடம் ரிவோக், அதாவது ஜர்னலில் ஏறிய பழைய நகலைச் செல்லாததாக்கும் பதிவு. ஒரு கோப்புறையின் பிளாக் மாறுகிறது. அதன் நகல் ஜர்னலில் ஏறுகிறது. அடுத்து அந்தக் கோப்புறையை அழிக்கிறோம். விடுபட்ட பிளாக்கில் வேறொரு படக் கோப்பு ஜர்னலில் ஏறாமல் நேரடியாக எழுதப்படுகிறது. அப்போது கரன்ட் போகிறது. திரும்ப ஏறும்போது ஜர்னலை அப்படியே ஓட்டினால், இல்லாத கோப்புறையின் நகல் படத்தின்மேல் விழுந்து அதை நாசமாக்கும். அதைத் தடுக்கத்தான், பிளாக்கை விடுவிக்கும்போதே ‘இதைத் திரும்ப எழுதாதே’ என்று ஒரு ரிவோக் பதிவு. மீட்பு நிரல் ஜர்னலை மூன்று முறை படிக்கிறது: எதுவரை கமிட் ஆனது (முழுதாகப் பதிவாகி முடிந்தது) என்று பார்க்க, ரிவோக்குகளைத் திரட்ட, கடைசியாக எழுத. அதே பிளாக் மறுபடி கோப்புறைக்கே வந்தால் பழைய ரிவோக்கை ரத்து செய்தாக வேண்டும். ரத்தாகாவிட்டால் எழுத வேண்டியது எழுதப்படாமலே போகும். பிழைக்கு எவ்வளவு இடம் பாருங்கள்!

பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் இது சிக்காது. கெர்னலில் 2015 முதல் டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற கருவி இருக்கிறது. டிஸ்குக்குப் போன ஒவ்வொரு ரைட்டையும் வரிசையாகப் பதிந்துகொள்ளும். வேண்டிய இடம்வரை மட்டும் ஓட்டி, அங்கே கரன்ட் போனதாக வைத்து, ஜர்னலை மீட்டு, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கொண்டு சோதிக்கலாம். எந்த ரைட்டுக்குப் பின் குலைகிறதோ அங்கிருந்து தேடுங்கள். திருத்தம் சில வரிகளில் முடிந்துவிடலாம். சரிதான் என்று நிரூபிக்கத்தான் நாள் பிடிக்கும். அந்தச் சோதனையை, கோப்பு முறைமைகளுக்கான பொதுச் சோதனைத் தொகுப்பான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸில் சேர்க்காமல் விடாதீர்கள்.

தொடங்க, கெர்னல் மூலநிரலில் ஜர்னல் நிரல் இருக்கும் எஃப்எஸ்/ஜேபிடி2 அடைவுக்குப் போங்கள். முதலில் ரிவோக்.சி-யின் தலைக்குறிப்பு, பிறகு ரெகவரி.சி.