பதில்: 18 வயதுப் பிரிவின் தொடர் தோல்விகள்

அன்பின் நண்பருக்கு,

தங்கள் பழைய கல்லூரியின் 18 வயதுப் பிரிவு உதைபந்தாட்ட அணி தொடர்ந்து நான்கு போட்டிகளில் தோற்றுவிட்டதாகவும், பயிற்றுவிப்பாளரை மாற்றக் கோரி அதிபருக்குக் கடிதம் எழுத எண்ணுவதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைச் சற்றுத் தள்ளிவைக்கலாம் என்பதே என் கருத்து.

நான்கு போட்டிகளிலும் இடைவேளை வரை சமநிலையில் நின்ற அணி, இறுதி இருபது நிமிடங்களிலேயே கோல்களை வாங்கியது என்று நீங்களே எழுதியிருப்பதால், குறை ஆட்டத் திட்டத்தைவிட உடற்தகுதியிலும் மாற்று வீரர்களின் பற்றாக்குறையிலுமே இருக்கக்கூடும். உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது மாலைப் பயிற்சியை விட்டுத் தனியார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளை எந்தப் பயிற்றுவிப்பாளராலும் மறித்து வைக்க முடியாது. பின்வரிசையில் இருவர் விலகினாலே, ஆண்டுக்கணக்கில் பழகிய ஒருங்கிணைப்புக் குலைந்துவிடும். யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் வெயிலில், மாற்றுவதற்கு ஆளில்லாமல் ஓடும் பதினொருவரிடம் வேறெதை எதிர்பார்ப்பது?

ஆகவே, பயிற்சிக்கு நாளாந்தம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். பின்னர் பழைய மாணவர் சங்கத்திடம் பயிற்சிக்குப் பிந்திய சிற்றுண்டிக்கும், வீடு திரும்பும் போக்குவரத்துக்கும் நிதி கேளுங்கள். 1904 முதல் நடைபெற்றுவரும் வடக்கின் பெருஞ்சமர் போன்ற துடுப்பாட்டப் போட்டிகளுக்குத் தாராளமாகத் திறக்கும் பணப்பைகள், உதைபந்தாட்டம் என்றவுடன் மூடிக்கொள்வது எனக்கும் பழைய மனத்தாங்கல்தான்.

கோல் காப்பாளரைப் பார்வையாளர் பகுதியிலிருந்து ஏசியதாக எழுதியிருந்தீர்கள். நானும் ஒருகாலத்தில் அப்படிச் செய்தவன். அடுத்த போட்டியில் அந்தப் பையனிடம் நேரில் சென்று இரண்டு வார்த்தை பேசுங்கள்.