இறங்கிய தளத்தைக் கொத்துவதற்கு முன்

கேள்வி: சொந்த மனையில் வீடு கட்டினோம். மனைவியின் சித்தப்பா மகன்தான் கான்ட்ராக்டர். பொருளோடு 14 லட்சம் பேசினோம். பால் காய்ச்சி மூன்று வருடம் ஆகிறது. 14 அடி அகல ஹாலின் கான்கிரீட் மேல்தளம் நடுவில் இறங்கியிருப்பதை 20 மாதம் முன்பு கவனித்தோம். இப்போது விரிசலும் தெரிகிறது. தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகை, முட்டுகளை ஐந்தாம் நாளே பிரித்துவிட்டார். கேட்டால் "மழை முடியட்டும்" என்கிறார். கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் எங்களை அவமானப்படுத்தினார். மாடியில் 1,000 லிட்டர் தொட்டி மட்டும் நாங்கள் பிறகு வைத்தது. வேறு மேஸ்திரி அடுத்த வாரம் விரிசலைக் கொத்திப் பூசி, கர்டர் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 5 வருடப் பொறுப்பு உண்டாமே, வழக்குப் போடலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: முதலில் அந்த மேஸ்திரியை நிறுத்துங்கள்.

கல்யாண வீட்டுப் பேச்சு எவ்வளவு வலித்தாலும் வழக்குக்கு உதவாது. ரெராவும் உங்களுக்கு இல்லை. அது புரமோட்டர் கட்டி விற்கும் வீட்டுக்கு. நீங்கள் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே முடிவாக வேண்டியது ஒன்றுதான்: தளம் இறங்கியது அவர் வேலையாலா, நீங்கள் ஏற்றிய பாரத்தாலா? அதற்கான சாட்சி அந்தக் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது.

தள வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். பயந்துபோய் முதலில் சரிசெய்துவிடுவார்கள், பிறகு செல்போன் படங்களோடு வருவார்கள். படத்தில் விரிசல் தெரியும். உள்ளே எத்தனை கம்பி, எந்த இடைவெளியில், கான்கிரீட்டின் பலம் என்ன என்பது தெரியாது. நிபுணர் அறிக்கை இல்லாவிட்டால், "விரிவான சாட்சி விசாரணை தேவை, சிவில் நீதிமன்றம் போங்கள்" என்று ஆணையம் அனுப்பிவிடவும் கூடும்.

உங்கள் தொட்டிதான் அவருடைய முதல் ஆயுதம். நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஒரு டன். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்லும் சுமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். தொட்டி ஹாலின் நடுவில் இருக்கிறதா, சுவர்மேல் இருக்கிறதா என்பது வழக்கையே திருப்பிவிடும். அதை மறைக்க நினைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

உங்கள் பக்கம் வலுவான விஷயம் சென்ட்ரிங். 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456. ஆனால் ஐந்தாம் நாள் பிரித்ததற்கு ஆதாரம் எங்கே? கான்கிரீட் போட்ட அன்றைய படம், சென்ட்ரிங் வாடகை ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். அந்தப் போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய, புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63வது பிரிவுச் சான்றிதழுக்கு அது வேண்டியிருக்கும்.

உயிர்தான் முதலில். இன்றே ஹாலைக் காலி செய்து, முட்டுக் கொடுங்கள். தொட்டி இருக்கும் இடத்தை அளவோடு படமெடுத்த பிறகு தண்ணீரை இறக்குங்கள். பின்பு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள். ஆய்வு நாளை கான்ட்ராக்டருக்கு சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் முன்கூட்டியே தெரிவியுங்கள். வராவிட்டால் அது அவர் பாடு, "எனக்குத் தெரியாமல் செய்தார்கள்" என்று பிறகு சொல்ல முடியாது. உங்கள் ஹாலுக்கு 17 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கம் என்றால் அது அனுமதித்த அளவைத் தாண்டியது. சென்ட்ரிங் பலகையே கோணலாக இருந்தது, தளம் இறங்கவில்லை என்று அவர் சொல்லலாம். அதனால் கம்பியையும் கான்கிரீட் பலத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆணையத்தில் வழக்குப் போடக் கெடு 2 வருடம். "மழை முடியட்டும்" என்ற பேச்சு அதை நீட்டிக்காது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும், காலம் கடந்துவிட்டது என்று அவர் வாதிடுவார். மறைந்திருந்த குறை, கண்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பது நம் பதில். அப்படிப் பார்த்தாலும் மிச்சம் 4 மாதம்தான்.

வெளிப்படையாகவே சொல்கிறேன்: அறிக்கை கைக்கு வந்ததும் சமரசம் பேசுங்கள். தொட்டி உங்களுடையது என்பதால் முழுத் தொகையும் கிடைப்பது கடினம். பழுதுச் செலவில் பாதிக்கு மேல் தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணமாகவே வாங்குங்கள், அவரையே மறுபடி வேலை செய்ய விடாதீர்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவதைவிட, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிவு செய்யுங்கள். அந்த உத்தரவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். பணம் கணக்கில் ஏறும்வரை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்.