வாக்குச்சாவடியில் சைகை மொழி: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். என் அண்ணனுக்குக் காது கேட்காது, எனக்குச் சைகை வந்தது அவரிடமிருந்துதான். தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்போது பயிற்சி கொடுக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, சாட்ஸ்வர்த்தில் சாவடி வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். முதலில் எந்தச் சைகையைக் கற்க வேண்டும்?

சைகைக்கு முன்னால் முகம், தம்பி. தென்னாப்பிரிக்கச் சைகை மொழியில் புருவத்துக்கும் இலக்கணம் உண்டு. கேள்வியா, சாதாரண வாக்கியமா என்பதைப் பல இடங்களில் புருவம்தான் காட்டும். அதனால் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். நிமிர்ந்து, வாக்காளர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். முதுகில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் உங்கள் முகம் இருட்டாகத்தான் தெரியும், மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

அப்புறம் வணக்கம், அடையாள அட்டை, காத்திருங்கள், வாக்குச்சீட்டு, பெட்டி, மை, நன்றி. டர்பன் போன்ற மாநகரில் உள்ளாட்சித் தேர்தலுக்கு இரண்டு சீட்டு: ஒன்று வார்டு வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. இந்த வித்தியாசத்தைக் கையால் சொல்லப் பழகுங்கள், குழப்பமெல்லாம் அங்கேதான். பெட்டியில் போடும் முன் தவறிக் குறித்துவிட்டால் வேறு சீட்டு கேட்கலாம் என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. இடது கட்டைவிரல் நகத்தில் மை வைக்கும்போது சட்டென்று கையைப் பிடித்துவிடாதீர்கள். என் அண்ணன் ஒரு சாவடியில் ஏதோ கேட்க ஆரம்பித்தார், அலுவலர் அவர் கையை இழுத்து மை தடவினார். பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவதும் அதுவும் ஒன்றுதான். முதலில் உங்கள் விரலைக் காட்டுங்கள். அவர் கை நீட்டட்டும்.

எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்?

வரவேற்கவும் வழிகாட்டவும் இரண்டு நாள் போதும். மொழிபெயர்க்கப் பல ஆண்டு வேண்டும். தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 2013 டிசம்பரில் மண்டேலாவின் நினைவுக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக மேடையில் நின்று கையசைத்தவரின் சைகை காது கேளாத யாருக்கும் புரியவில்லை. உலகமே பார்த்தது.

இந்தியச் சைகை மொழி தெரியும். அதை இங்கே பயன்படுத்தலாமா?

முடியாது. இரண்டும் வேறு வேறு மொழிகள். அங்கே ஆங்கில எழுத்துகளை இரண்டு கையால் காட்டுவார்கள், இங்கே ஒரு கையால். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023 ஜூலையில் நாட்டின் 12ஆவது அதிகாரப்பூர்வ மொழியானது. அதைத்தான் கற்க வேண்டும்.

ஒரு வாரத்தில் முடியுமா அக்கா?

மேலே பாருங்கள்.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் அல்லவா?

கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பாடு’, ‘மாடு’ என்று சொல்லிப் பாருங்கள். உதட்டில் வித்தியாசம் தெரிகிறதா?

என் மகனுக்கு 19 வயது, காது கேட்காது. வாக்களிக்கும் தடுப்புக்குள் நானும் போகலாமா? (டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தகப்பனார்)

அவருக்கு உதவி தேவைப்பட்டு, அவராகவே உங்களைக் கேட்டால் போகலாம் ஐயா. துணைக்கு வருபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். கட்சி முகவராகவோ வேட்பாளராகவோ இருக்கக் கூடாது. ஆனால் காது கேளாதவருக்குக் கண் தெரியும், பேனா பிடிக்க வரும். சீட்டில் சின்னமும் இருக்கிறது. எதற்கு உதவி?

நான் அவன் அப்பா. எவனுக்குப் போட்டால் நல்லது என்று அவனுக்கு என்ன தெரியும்?

இதற்குத்தான் பயப்படுகிறேன். 1999இலேயே காது கேளாத ஒரு பெண்மணி, வில்மா நியூஹவுட்-டிரூஷன், நம் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். சட்டம் இயற்ற முடிந்தவர்களுக்கு சீட்டில் ஒரு கட்டத்துக்குள் குறியிட முடியாதா? உங்கள் மகனுக்கு விவரம் போதவில்லை என்றால் வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று அர்த்தம். இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் அரசியல் பேசுகிறோம், அவர் நம் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘என்ன?’ என்று கேட்டால் ‘அப்புறம் சொல்கிறேன்’ என்போம். என் அண்ணனுக்கு நானே அப்படிச் செய்திருக்கிறேன், இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

பெற்றவர் வேதனை உங்களுக்குப் புரியாது, அக்கா. அவர் சொல்வது நியாயம். (இன்னொருவர்)

வேதனை புரிகிறது. ஆனால் வாக்கு மகனுடையது. அலுவலர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கூட வந்தவரிடம் ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்காதீர்கள், வாக்காளரைப் பார்த்துக் கேளுங்கள். புரியாவிட்டால் தாளில் எழுதுங்கள், சின்ன வாக்கியமாக. சைகையைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிதான்.

பயிற்சி எத்தனை நாள்?

மூன்றாம் முறை. இரண்டு நாள். மொழிபெயர்ப்பாளர் ஆக முடியாது.

வரிசையில் கூப்பிட்டால் கேட்காதே, என்ன செய்வது?

கையை உயர்த்தி ஆட்டுங்கள். பக்கத்தில் இருந்தால் தோளை மெல்லத் தொடுங்கள். பின்னால் நிற்பவரை முந்த விடாதீர்கள்.

சரி, மகன் தனியாகவே போகட்டும். நான் எங்கே நிற்பது? (அதே தகப்பனார்)

வெளியே நில்லுங்கள் ஐயா, அவர் பார்வை படாத இடத்தில். சைகைக்குச் சத்தம் கிடையாது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து நீங்கள் ‘இவருக்குப் போடு’ என்று காட்டினாலும் அவருக்குப் புரிந்துவிடும்.